துர்கா பனி தேடிய ஐப்பசி

என் மனைவி துர்காவுக்கு வேலை பனி தேடுவது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. விருத்தாசலம் பெரியார் நகரில், எங்கள் படுக்கையறை மூலையில், மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் படித்த மேசையில் உட்கார்ந்துகொண்டு, ஐரோப்பாவில் எந்த மலையில் இன்றைக்குப் பனி கிடக்கிறது என்று தேடி எழுதுவாள். சென்னையில் ஒரு சுற்றுலாக் கம்பெனி அதற்குச் சம்பளம் கொடுக்கிறது. கம்பெனிக்கு வாடிக்கையாளர்கள் எல்லாம் இங்கிலாந்துக்காரர்கள். காலில் நீளப் பலகையை மாட்டிக்கொண்டு பனிமலையிலிருந்து சறுக்கி இறங்குவதில் அவர்களுக்கு அப்படி ஒரு ஆசை. கிறிஸ்துமஸ் வாக்கில் போனால் எங்கே பார்த்தாலும் பனிதான், யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் சில பேருக்கு அதுவரை பொறுக்காது. சீசன் தொடங்கும் முன்பே, அக்டோபரிலேயே நவம்பரிலேயே சறுக்கியாக வேண்டும். அப்படிப்பட்ட அவசரக்காரர்களுக்குப் பனி இருக்கிற நாலைந்து இடத்தைக் கண்டுபிடித்துச் சொல்கிறவள் இவள்.

துர்கா பிறந்தது முதல் பனியைத் தொட்டதில்லை. ஃப்ரிட்ஜின் மேல் தட்டில் உறைந்துகிடப்பதைக் கரண்டியால் சுரண்டி எடுத்ததோடு சரி. அதைச் சொன்னால் கோபம் வரும். "நீங்க சூளை பாக்குறீங்களே, உள்ள போயி வெந்தா பாத்தீங்க?" என்பாள். நியாயம்தான். நான் தமிழ்ச்செல்வன், பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் சூளைப் பொறுப்பாளன். ஃப்யூஸ் கட்டையும் கரண்டுக் கம்பத்துப் பீங்கானும் வேகவைத்து எடுப்பது இருபத்திரண்டு வருஷத் தொழில். தலையிலிருந்து கால் வரை வெள்ளை மண்ணோடு வீட்டுக்குள் நுழைவேன். துர்கா திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்துவிட்டு, "இங்கியும் வெள்ளையா? போயி குளிச்சிட்டு வாங்க, கண்ணு கூசுது" என்பாள்.

மதியம் ஒன்றரைக்கு உட்கார்ந்தால் ராத்திரி பத்து ஆகும் எழுந்திருக்க. மொத்தம் முப்பத்தேழு மலை. ஒவ்வொரு மலையிலும் ஒரு கேமரா நிற்கிறது, பத்து நிமிஷத்துக்கு ஒரு படம் அனுப்பும். அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும். எத்தனை அங்குலம் பனி, ஆட்களை மேலே தூக்கிப்போகும் லிஃப்ட் ஓடுகிறதா, நாளைக்கு வானிலை எப்படி என்று கட்டம் கட்டமாக எழுத வேண்டும். இடையிடையே போன் வரும். ஃபேன் சத்தம் போனில் கேட்கிறது என்று சென்னையில் சொல்லிவிட்டார்கள். அதனால் ஃபேனை ஒன்றாம் நம்பரில் வைத்துக்கொண்டு, ரவிக்கை முதுகோடு ஒட்ட, பனியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சாயங்காலம் ஆனால் கண்ணில் நீர் வடியும். பார்க்கவே எனக்கு எரிச்சலாக வரும். இவள் வேகிற வேக்காட்டுக்கு என் சூளையே தேவலாம் என்று தோன்றும்.

இந்த வேலையில் அவளுக்கு இது முதல் வருஷம். அதற்கு முன்னால் ஆறு வருஷம் அதே கம்பெனிக்குக் கடற்கரை ஓட்டல்கள் பார்த்தாள். அங்கே அவளுக்கு ஒரு சங்கடம் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் பிறகு நடந்தது புரியாது.

துர்காவின் அப்பா பச்சமுத்து கருவேப்பிலங்குறிச்சியில் வானம் பார்த்த நிலம் வைத்துக்கொண்டு விவசாயம் செய்தவர். அந்த வீட்டில் மழையைப் பற்றி யாரும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லக் கூடாது. எங்கள் கல்யாணத்தன்று பெய்த மழையில் பந்தல் சரிந்தது, சாம்பார் அண்டாவுக்குள் தண்ணீர் இறங்கியது, என் சித்தப்பா சேற்றில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார். என் மாமனார் அவரைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, "நல்ல மழைங்க" என்றார். அப்படிப்பட்ட குடும்பம்.

நானோ மழைக்கு ஜென்ம விரோதி. ஐப்பசி பிறந்தால் அடைமழை. அச்சில் எடுத்த பச்சைப் பீங்கான் காயாது. காயாததைச் சூளைக்குள் வைத்தால் படபடவென்று வெடிக்கும். ஒவ்வொரு ஐப்பசியிலும் நான் மழையைத் திட்டுவதும், "வாயக் கழுவுங்க, அது காதுல வுழுந்து வராம போயிடப் போவுது" என்று துர்கா சண்டைக்கு வருவதும் எங்கள் வீட்டு வழக்கம். கடற்கரை வேலையில், மழை வரும் நாளுக்கு எதிரே சிவப்பு போட்டு 'மோசம்' என்று எழுத வேண்டும். எழுதுவாள். எழுதிவிட்டு இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொள்வாள். பனி வேலைக்கு மாற்றியதும் அவளுக்கு அப்படி ஒரு நிம்மதி. "இதுல மேலேர்ந்து எது வுழுந்தாலும் நல்லதுதாங்க" என்றாள்.

அக்டோபர் மூன்றாவது வாரம் கிளிஃபர்ட் என்று ஒருவர் போன் செய்தார். அறுபத்தெட்டு வயது. இங்கிலாந்து ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். பேச்சின் நடுவே எங்கள் ஜங்ஷன் பக்கமிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. வீட்டுச் சத்தம் எதுவும் போனில் கேட்கக் கூடாது என்பது கம்பெனி சட்டம். துர்கா பதறிப்போய் மன்னிப்புக் கேட்டாள். அவரோ, அது சரக்கு வண்டியா பயணிகள் வண்டியா என்று விசாரித்தார். சரக்கு வண்டி என்றாள். எத்தனை பெட்டி என்றார். அன்றிலிருந்து போன் செய்தால் துர்காவைத்தான் கேட்பார்.

அவர் நிலைமை இது. ஐம்பத்தொரு வருஷமாக, ஒரு வருஷம் தவறாமல் சறுக்கியவர். இப்போது முழங்கால் போய்விட்டது. டிசம்பர் நாலாம் தேதி ஆபரேஷன், முட்டியை எடுத்துவிட்டு வேறு முட்டி வைக்கப் போகிறார்கள். அதற்குப் பிறகு பலகையில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே ஆபரேஷனுக்கு முன்னால், நவம்பரிலேயே, கடைசியாக ஐந்து நாள் சறுக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

ஆஸ்திரியா நாட்டில் இரண்டு இடம் தோதாக இருந்தன. அந்தப் பெயர்கள் என் வாயில் நுழையாததால் வீட்டில் நாங்களே பெயர் வைத்தோம். ஒன்று 'உசரம்'. வருஷம் முழுக்க உருகாத பழைய பனி உள்ள பெரிய மலை. பனி நிச்சயம், ஆனால் பாறையாக இறுகிக் கிடக்கும், ஒரே ஒரு சரிவுதான் திறந்திருக்கும், ஒரே கூட்டம். இன்னொன்று 'மெத்தை'. உயரம் குறைவு, அகலமான சரிவு, முட்டிக்கு நோகாத புதுப் பனி. ஆனால் பனி விழுந்தால்தான் திறப்பார்கள். இரண்டையும் துர்கா விவரமாகச் சொன்னாள். எல்லாம் கேட்டுவிட்டு அவர், "நீ என்ன நினைக்கிறாய் துர்கா?" என்றார்.

நாளைக்குச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டு அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். "என்ன ஆச்சு?" என்றேன்.

"ஆறு வருஷத்துல ஒருத்தரும் என்னை இது கேட்டதில்லைங்க. எங்க இருக்குது, எத்தன மணிக்குத் தொறக்கும், காலைல டிபன் உண்டா. அவ்ளோதான் கேப்பாங்க. நீ என்ன நெனைக்கிறேன்னு யாரு கேக்குறாங்க?"

அந்த 'யாரு'வில் நானும் சேர்த்திதான் என்று எனக்கு விளங்கியது. டீ போட்டுக் கொடுத்தேன்.

நாலு நாள் அவளுக்கு அதே நினைப்பு. மெத்தையில் ஏற்கெனவே ஒரு அடிப் பனி இருந்தது. நவம்பர் இரண்டாவது வாரம் திறப்பதாக அறிவித்திருந்தார்கள். அதற்கு முந்தின வாரம் நாலு நாள் கனமழை என்று வானிலை அறிக்கை சொன்னது. துர்கா அந்த நாலு நாளுக்கும் பச்சை போட்டு 'நல்லது' என்று எழுதினாள். பக்கத்தில் நின்றிருந்த எனக்கு என்னவோ உறுத்தியது.

"மழத்தண்ணி பட்டா பனி கரைஞ்சிடாதா துர்கா?"

"கீழ ஊருக்குள்ளதாங்க மழையா வுழும். மேல போகப் போக குளுரும், பனியா மாறிடும். நீங்க உங்க வாய வச்சிக்கிட்டு சும்மா இருங்க, வர்ற மழையையும் வெரட்டிடாதீங்க."

பச்சை மண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் என்ன ஆகும் என்று அறிந்தவன் நான். இன்னொரு தடவை கேட்டிருக்க வேண்டும். நாள் முழுக்கச் சூளைப் பக்கம் நின்றுவிட்டு வந்த அலுப்பு, வீட்டிலும் சண்டை எதற்கு என்று வாயை மூடிக்கொண்டேன். மறுநாள் துர்கா கிளிஃபர்டுக்கு மெத்தையைச் சொன்னாள். அவரும் மறுபேச்சில்லாமல் சரி என்றார்.

அவருக்கு ஞாயிற்றுக்கிழமை விமானம். முந்தின வியாழக்கிழமை நான் ஷிப்ட் முடிந்து இரண்டரை மணிக்கு வீட்டுக்கு வந்தேன். துர்கா வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் மெத்தை. பனியைக் காணோம். பழுத்த புல், சேறு, ஓரத்தில் நனைந்துகொண்டு ஒரு டிராக்டர். மழை கீழே மட்டும் பெய்யவில்லை, மலை உச்சி வரை மழையாகவே பெய்து, இருந்த ஒரு அடியையும் கழுவிக்கொண்டு போய்விட்டது. திறப்பு தேதி குறிப்பிடாமல் தள்ளிவைப்பு என்று கீழே எழுதியிருந்தது.

அவள் விரலை வைத்து ஒரு கட்டத்தைக் காட்டினாள். எந்த உயரத்துக்கு மேல் மழை பனியாக மாறும் என்கிற கட்டம். இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் மீட்டர் என்று இருந்தது. மெத்தையின் உச்சியே இரண்டாயிரத்து நானூறுதான்.

"இது போன வாரமே இருந்துதுங்க. நான் பாத்தேன். கண்ணால பாத்தேன், மனசுல ஏறவே இல்ல. மழை கெடுக்கும்னு எனக்குத் தோணவே இல்லைங்க."

பேஞ்சும் கெடுக்கும், காஞ்சும் கெடுக்கும் என்று ஊரே சொல்கிற பேச்சு. அதில் முதல் பாதியை அந்தக் குடும்பம் காதில் வாங்கியதே இல்லை.  

சென்னையில் அவளுக்கு மேலே இருப்பவர் சாருலதா மேடம். துர்கா அவரிடம் உள்ளது உள்ளபடி சொன்னாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. "நீங்க எதுக்கு அவருக்கு போன் பண்ணணும்? பனிக்கு நாம கேரண்டி கிடையாதுன்னு போட்டுத்தான் இருக்கு. அவரா கேட்டா வானிலைன்னு சொல்லிக்கலாம். பேசாம அடுத்த வேலையைப் பாருங்க துர்கா" என்றார். கெட்ட மனுஷி இல்லை. அவருக்கும் துர்கா மாதிரி முப்பது பேரைக் கட்டி மேய்க்க வேண்டியிருக்கிறது.

"சரிங்க மேடம்" என்று வைத்தாள். வைத்த கையோடு கிளிஃபர்டுக்குப் போட்டாள்.

எனக்கு இங்கிலீஷ் பாதிதான் புரியும். ஆனால் அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட விடாமல் புரிந்தது. மெத்தையில் பனி இல்லை. வானிலை ஏமாற்றவில்லை, அது ஒழுங்காகத்தான் சொன்னது, நான்தான் தப்பாகப் படித்தேன், தப்பு என்னுடையது.   அவர், "அந்த இன்னொரு மலை?" என்று கேட்டார்.

"அது பாறை மாதிரி இருக்கும் சார். உங்கள் முட்டி தாங்காது."

"அது என் முட்டி" என்றார்.

அதற்குப் பிறகு இரண்டரை நாள் அவள் பட்ட பாட்டை நான் பார்த்தேன். எல்லாருக்கும் முன்னால் சறுக்கிவிட வேண்டும் என்று கிளம்பிய உலகத்து அவசரக்காரர்கள் அத்தனை பேரும் உசரத்திலேயே குவிந்திருந்தார்கள். ஒரு ஓட்டலில்கூட அறை இல்லை. வெள்ளிக்கிழமை இருபத்தாறு இடத்துக்குப் போன் செய்தாள். சனிக்கிழமை அவளுக்கு லீவு. லீவன்றும் காலையில் ஒரு டம்ளர் காபியோடு உட்கார்ந்தாள். நான் உப்புமா கிண்டி வைத்தேன், ஆறி இறுகிப்போனது. ஒவ்வொரு இடத்திலும் இல்லை, இல்லை, மன்னிக்கவும், இல்லை. கடைசியில் லிஃப்டுக்கு டிக்கெட் கொடுக்கிற இடத்திலேயே ஒரு பெண்மணியைப் பிடித்தாள். அந்த அம்மாளின் வீட்டு மாடியில் ஒரு அறை காலியாக இருந்தது, அங்கிருந்து மலைக்குப் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அதோடு விடவில்லை. சரிவு எத்தனை மணிக்குக் கொஞ்சமாவது இளகும் என்று கேட்டாள். பதினொரு மணிக்கு மேல் வெயில் பட்டால் மேலாக அரை அங்குலம் இளகும், பன்னிரண்டரைக்கு நிழல் வந்துவிட்டால் மறுபடி இறுகிவிடும் என்று அந்த அம்மாள் சொன்னாள். அதையும் எழுதி கிளிஃபர்டுக்கு அனுப்பினாள். செய்ததை எல்லாம் மேடத்துக்கும் எழுதிவிட்டாள். சாருலதா மேடம் ஒரே வரியில் பதில் போட்டார்: "உங்க பொறுப்பு."

கிளிஃபர்ட் ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போனார். அந்த வாரம் முழுக்க துர்கா உசரத்தின் கேமராவை அடிக்கடி திறப்பாள். அங்கே காலை பதினொன்று என்றால் நமக்குச் சாயங்காலம் மூன்றரை. பத்து நிமிஷத்துக்கு ஒரு படம். வெள்ளைச் சரிவில் எறும்பு எறும்பாக ஆட்கள். "இதுல எதுங்க அவரு?" என்று என்னைக் கேட்பாள். எனக்கென்ன தெரியும். ஏதோ ஒரு புள்ளியைக் காட்டி, மெதுவாகப் போகிறதே அதுதான் என்பேன். அது நகர்கிறதா நிற்கிறதா என்று படத்தில் எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டு, அந்தப் புள்ளியையே பார்ப்பாள்.

புதன்கிழமையிலிருந்து குளிர் இறங்கியது. அந்தப் பக்கமெல்லாம் பனி கொட்ட ஆரம்பித்தது. சனிக்கிழமை காலை மெத்தையின் கேமராவைத் திறந்தால் இரண்டு அடி, மூன்று அடி. அன்றைக்குத்தான் கிளிஃபர்ட் ஊர் திரும்புகிறார். ஒரே ஒரு வாரம். அந்தக் கட்டத்தை ஒழுங்காகப் படித்திருந்தால், "ஒரு வாரம் தள்ளிப் போங்க சார்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள். ஆபரேஷனுக்கும் நாள் இருந்தது. அவள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஞாயிறு முழுக்க அதே பாட்டு. எனக்குப் பாவமாகவும் இருந்தது, அலுப்பாகவும் இருந்தது. "வுடு துர்கா, அவரு என்ன நம்ம மாமனா மச்சானா?" என்று ஒரு தடவை கத்தியும்விட்டேன். கத்தியிருக்கக் கூடாது.

திங்கட்கிழமை எனக்குச் சாயங்கால ஷிப்ட். வீட்டில்தான் இருந்தேன். ஒரு மணிக்குத் துர்கா கம்ப்யூட்டரைத் திறந்தபோது கிளிஃபர்டின் கடிதம் வந்திருந்தது. படித்து எனக்குத் தமிழில் சொன்னாள்.

முதல் நாள், அவள் சொன்னபடியே பதினொரு மணிக்கு மேல் ஏறி, ஒரு தடவை சறுக்கி இறங்கினாராம். கடிகாரம் பார்த்தாராம், ஏழு நிமிஷம். இரண்டாம் நாள் ஒரு தடவை. அதுவும் ஏழு நிமிஷம். அன்று சாயங்காலம் முட்டி தேங்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. மீதி மூன்று நாளும் மலையடிவாரத்துக் காபிக் கடையில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, மற்றவர்கள் சறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். வீக்கத்தைப் போனில் கேட்டுவிட்டு டாக்டர் ஆபரேஷனை முன்னாலேயே வைத்துக்கொள்ளலாம் என்கிறாராம். அந்த இரண்டு தடவையும் நன்றாக இருந்தது, தவறைத் தவறென்று சொன்ன உனக்கு நன்றி, உங்கள் ஜங்ஷனைக் கேட்டதாகச் சொல் என்று முடித்திருந்தார்.

"ஏழும் ஏழும் பதினாலு" என்றாள் துர்கா. "மொத்தமே பதினாலு நிமிஷங்க."

"அதாவது கெடைச்சுதே."

"அம்பத்தோரு வருஷம் சறுக்கின மனுஷனுக்குக் கடைசியா பதினாலு நிமிஷம். அஞ்சு நாளு கேட்டாருங்க எங்கிட்ட."

எப்படியாவது அவள் பேச்சை மாற்ற வேண்டும் என்றுதான் கேட்டேன். நல்ல எண்ணத்தில்தான் கேட்டேன். "சரி, அத வுடு. உனக்கு அந்த மாதிரி ஏதாச்சும் இருக்குதா? கை கால் வுழுறதுக்கு முன்னாடி, ஒரே ஒரு தடவ செஞ்சுடணும்னு. சொல்லு, பாக்கலாம்."

பனியைத் தொட வேண்டும் என்பாள், அல்லது நர்சிங் படிக்கிற மகளோடு எங்கேயாவது போக வேண்டும் என்பாள் என்று நினைத்தேன். அவள் யோசித்தாள். அந்தக் கேள்வியை அவள் அவ்வளவு மெய்யாக எடுத்துக்கொள்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முப்பத்தேழு மலையில் ஒவ்வொன்றாகத் தேடுகிறவள், அதே மாதிரி தனக்குள்ளே தேடினாள். நெற்றி சுருங்கியது. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். பயந்துபோன முகம்.

"ஒண்ணும் வரலைங்க" என்றாள். "யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன். பதினாலு நிமிஷத்துக்குக்கூட எனக்குன்னு கேக்க ஒண்ணும் இல்லையேங்க."

 அவள் தோளில் கை வைத்தேன். ஒன்றரை மணி ஆக இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. துர்கா மேசை மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அந்த ஐந்து நிமிஷமும் அழுதாள்.